8,500 பவுண்டைத் தாண்டிய பெட்ரோல் பிக்கப்புக்கு டெக்சஸில் புகைச் சோதனை கிடைக்காமல் அலைவது ஏன்?

பின்னால் படிக்க வருகிறவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் அட்லாண்டாவில் இருந்து டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவுக்குக் குடி மாறியிருக்கிறார். டிரெய்லர் இழுப்பதற்காக வாங்கிய 2005 செவர்லே சில்வராடோ 2500 எச்.டி. பிக்கப் அவரிடம் இருக்கிறது. 6.0 லிட்டர் வி8, பெட்ரோல். ஜார்ஜியாவில் ஒரு தடவைகூடப் புகைச் சோதனைக்குக் கூப்பிடவில்லை. இங்கே டெக்சஸ் நம்பர் பிளேட் வாங்கப் போனால் சோதனை முடித்துவிட்டு வா என்கிறார்கள். மூன்று சோதனை ஸ்டேஷன் ஏறி இறங்கியாயிற்று. ஒரு இடத்தில் "மெஷின் எடுக்கவில்லை", இன்னொரு இடத்தில் "வண்டி பெரிசு", மூன்றாவது இடத்தில் "இந்த எடைக்கு நாங்கள் செய்வதில்லை". பக்கத்து வீட்டுக்காரரின் டீசல் பிக்கப்புக்கு எந்தச் சோதனையும் கிடையாதாம். "என்னை ஏமாற்றுகிறார்களா, வண்டியில் ஏதாவது கோளாறா?" என்று கேட்கிறார்.

இரண்டும் இல்லை. உங்கள் வண்டிக்குச் சட்டம் கேட்கிற சோதனை ஒன்று, தெருவுக்குத் தெரு ஸ்டேஷன்களில் இருக்கிற கருவி வேறொன்று. மூன்று பேரும் சொன்னது ஒரே காரணத்தைத்தான். யாரும் அதை நின்று விளக்கவில்லை, அவ்வளவுதான். டல்லாஸ் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் ஒன்பது வருஷம் இந்தச் சோதனை செய்து கொடுத்தவன் நான். இப்போது அந்த வேலையில் இல்லை, அதனால் கொஞ்சம் ஆற அமரச் சொல்ல முடியும்.

முதலில் எடை விஷயம். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று ஒரு எண் இருக்கும். வண்டி, ஆட்கள், டீசலோ பெட்ரோலோ, பின்னால் ஏற்றிய சுமை எல்லாம் சேர்த்து அந்த வண்டி தாங்கலாம் என்று தயாரித்தவர் கொடுத்த உச்ச எடை அது. உங்கள் 2500 எச்.டி.யில் பெரும்பாலும் 9,200 பவுண்டு என்று இருக்கும், கிட்டத்தட்ட 4,170 கிலோ. இது வண்டியின் வெற்று எடை கிடையாது. டெக்சஸ் பதிவுச் சீட்டில் வெற்று எடை, சுமை அளவு, இரண்டும் கூடிய மொத்த எடை என்று வேறு மூன்று எண்கள் வரும். அந்த மொத்த எடையும் ஜி.வி.டபிள்யூ.ஆர். கிடையாது. கவுண்டரில் இருக்கிற பையன் சீட்டைப் பார்த்து ஒன்று சொல்வான், ஸ்டிக்கரைப் பார்த்து இன்னொன்று சொல்வான். புகைச் சோதனையில் எந்த வகை என்று தீர்மானிப்பது கதவுத் தூணில் இருக்கிற எண்தான். அதைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பாதி வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

சரி, 8,500 பவுண்டு என்ற கோடு எங்கிருந்து வந்தது? இதற்குப் பின்னால் ஒரு வேடிக்கையான கதை இருக்கிறது. 1975-இல் அமெரிக்காவில் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையில் இருக்கிற நச்சு வாயுவைக் குறைக்கிற சாமான்) வந்தது, கூடவே ஈயமில்லாத பெட்ரோல்தான் போட வேண்டும் என்ற கட்டாயமும் வந்தது. அந்த விதி 6,000 பவுண்டுக்கு உட்பட்ட பிக்கப்புகளுக்கும் பொருந்தும். ஃபோர்டு என்ன செய்தது? அதே ஆண்டு 6,000-ஐக் கொஞ்சம் தாண்டுகிற மாதிரி எஃப்-150 என்று புதிதாக ஒரு மாடலை இறக்கியது. இன்றைக்கு ஊர் முழுக்க ஓடுகிற எஃப்-150 பிறந்ததே ஒரு எடைக் கோட்டைத் தாண்டிக் குதிக்கத்தான். அரசு பார்த்தது. 1979 மாடல் முதல் கோட்டை 8,500-க்கு நகர்த்தியது. அதற்குக் கீழே இருப்பது இலகு டிரக், மேலே இருப்பது கனரகம். அதற்கப்புறம் வந்த வண்டிகளின் ஸ்டிக்கரைப் பாருங்கள். செவி 1500 எச்.டி. 8,600, சபர்பன் 2500 8,600, ஹம்மர் எச்2 8,600. எல்லாம் கோட்டுக்கு நூறு பவுண்டு மேலே. தற்செயல் என்று நீங்கள் நம்பினால் நம்பிக்கொள்ளுங்கள்.

இந்தக் கோடு சும்மா காகிதத்தில் இருக்கிற கோடு இல்லை. கீழே இருக்கிற வண்டியை முழு வண்டியாக உருளைமேல் ஓட்டிச் சான்று கொடுத்தார்கள். மேலே இருக்கிறதற்கு ரொம்ப காலம் இன்ஜினை மட்டும் தனியாகக் கழற்றி வைத்துச் சான்று கொடுத்தார்கள். அதனால் வண்டிக்குள் இருக்கிற கணினியிடம் எதிர்பார்த்ததும் வேறாக இருந்தது. 1996 மாடல் முதல் 8,500 வரையுள்ள எல்லாக் கார், பிக்கப்புக்கும் ஓ.பி.டி.-2 கட்டாயம். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா, டேங்கில் இருந்து ஆவி கசிகிறதா, எந்த சிலிண்டரிலாவது மிஸ்ஃபயர் ஆகிறதா என்று வண்டியே தன்னைத்தானே பார்த்துக்கொண்டு, கோளாறு என்றால் செக் இன்ஜின் விளக்கைப் போடும். கனரகத்தில் 14,000 பவுண்டு வரையுள்ள வண்டிகளுக்கு இது மத்திய அரசு விதிப்படி 2005 மாடலில் படிப்படியாகத் தொடங்கி 2008-இல்தான் முழுதாக வந்து சேர்ந்தது. உங்கள் வண்டி 2005. சரியாக அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்ட வண்டி.

"ஆனால் என் வண்டியில் ஸ்டியரிங்குக்குக் கீழே அந்த 16 முனை போர்ட் இருக்கிறதே, அமேசானில் வாங்கின ஸ்கேனர் அதில் வேலை செய்கிறதே" என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்பார்கள். போர்ட் இருக்கும், விளக்கும் எரியும், ஸ்கேனரில் கோளாறு எண்ணும் வரும். ஆனால் சட்டம் கேட்கிற சுயபரிசோதனைகள் எல்லாம் அதற்குள் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த எடையில் அப்போது இல்லை. அந்தச் சுயபரிசோதனை ஒவ்வொன்றுக்கும் மானிட்டர் என்று பெயர், சில வண்டிகளில் ஸ்கேனரைச் செருகினால் ஒரு மானிட்டருக்கு நேரே "இல்லை" என்றே காட்டும். பானட்டைத் திறந்தால் ரேடியேட்டருக்கு மேலேயோ பானட்டின் உள்பக்கத்திலோ இன்னொரு ஸ்டிக்கர் இருக்கும். எந்தப் புகை வகையில் சான்று வாங்கியது, ஓ.பி.டி. சான்று உண்டா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2005 வாக்கில் ஒரே மாடலில் இரண்டு விதமும் இறங்கியிருக்கின்றன. கலிஃபோர்னியாவுக்காகச் செய்த வண்டிக்கும் மற்ற மாநிலங்களுக்காகச் செய்த வண்டிக்கும் இந்த ஸ்டிக்கரே வேறாக இருக்கும்.

இப்படி ஓ.பி.டி.யை நம்ப முடியாத கனரகப் பெட்ரோல் வண்டிக்கு மிச்சம் இருப்பது பழைய முறைதான். புகைக்குழாயில் ஒரு கம்பியைச் செருகி, வருகிற வாயுவை அளப்பது. இதற்கு டி.எஸ்.ஐ. என்று பெயர், இரண்டு வேகத்தில் ஐடில் சோதனை. வண்டி நின்ற இடத்திலேயே 2,500 ஆர்.பி.எம். சுற்றில் ஒரு தடவை, சாதாரண ஐடிலில் ஒரு தடவை அளப்பார்கள். எரியாமல் வெளியே வருகிற ஹைட்ரோகார்பனும் கார்பன் மோனாக்சைடும் எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஊரில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதுசு இல்லை. பெட்ரோல் பங்க் ஓரமாக ஒரு ஆம்னி வேன் நிற்கும், புகைப்போக்கியில் குழாயைச் செருகி ஒரு சீட்டு அடித்துக் கொடுப்பார்கள் இல்லையா, அதேதான். பி.எஸ்.4 முதலான பெட்ரோல் கார்களுக்கு அங்கேயும் ஐடிலில் ஒரு அளவும், 2,500 சுற்றில் லாம்டாவோடு (காற்றும் பெட்ரோலும் கலக்கிற விகிதம்) இன்னொரு அளவும் உண்டு. இங்கே கருவி பெரிசு, கெடுபிடி ஜாஸ்தி. கம்பி ஒன்றுதான்.

இனி ஸ்டேஷன்காரர் பக்கத்தில் இருந்து பாருங்கள். டல்லாஸ், ஹூஸ்டன் வட்டாரத்தில் முன்பு 1995-உம் அதற்கு முந்தியதுமான வண்டிகளை உருளைமேல் ஏற்றி ஓட்டிச் சோதிப்போம். அதற்கு எல்லாப் பெரிய ஸ்டேஷனிலும் வாயு அளக்கும் கருவி இருந்தது. அதே கருவியில் உங்கள் மாதிரி வண்டிக்கு டி.எஸ்.ஐ.யும் செய்துவிடுவோம். ஆனால் டெக்சஸில் சோதனை 2 முதல் 24 வயது வரையுள்ள பெட்ரோல் வண்டிக்குத்தான். 2020 வாக்கில் 1995 மாடலும் வயது தாண்டி வெளியே போய்விட்டது. அன்றைக்கு உருளைக்கும் வேலை போயிற்று. வாயு கருவி மட்டும் இந்த ஒரு சின்ன இனத்துக்காக உட்கார்ந்திருந்தது: 8,500-க்கு மேலே, பெட்ரோல், ஓ.பி.டி.க்கு முந்திய மாடல்.

அந்தக் கருவியை வைத்திருப்பது சும்மா இல்லை. சில நாளுக்கு ஒரு தடவை அளவு சரிபார்க்கும் வாயுவை உள்ளே விட்டு அது சரியாகப் படிக்கிறதா என்று பார்க்க வேண்டும், வண்டி வந்தாலும் வராவிட்டாலும். அந்த வாயு சிலிண்டர் காலியானால் புதுசு வாங்க வேண்டும். ஃபில்டர், குழாய், உள்ளே இருக்கிற சென்சார் எல்லாவற்றுக்கும் ஆயுசு உண்டு. நாங்கள் கருவியை மூடின வருஷம் மாதத்துக்கு நாலோ ஐந்தோ கனரக வண்டி வரும். எங்கள் முதலாளி ஒரு நாள் சிலிண்டர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த அஞ்சு வண்டிக்குக் காற்று வாங்குறதுக்குத்தான் நான் கடை திறக்கிறேனா?" என்று கேட்டார். அந்த மாதக் கடைசியில் கருவிக்குப் போர்வை போட்டாயிற்று.

இன்னொன்று, நான் முக்கியம் என்று நினைப்பது. சோதனைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் 18.50 டாலர். ஆஸ்டின் இருக்கிற டிராவிஸ், வில்லியம்சன் கவுண்டிகளிலும் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) எல் பாசோவிலும் 11.50. ஒரு கேம்ரி கார் வந்தால் ஓ.பி.டி. போர்ட்டில் ஒயரைச் செருகி ஐந்து நிமிஷத்தில் சீட்டு அடித்துக் கொடுத்துவிடலாம். உங்கள் வண்டிக்கு இன்ஜின் சூடாக வேண்டும், குழாய் செருக வேண்டும், சுற்று பிடிக்க வேண்டும், கருவி சுத்தமாக வேண்டும். இருபது நிமிஷம், சில நாள் அரை மணி. காசு அதே 18.50. அதற்கு மேல் ஒரு டாலர் கேட்டால் உரிமத்துக்கே ஆபத்து. நான்கு கதவு, எட்டடிப் பெட்டி வைத்த பிக்கப் என்றால் இருபதடிக்கு மேல் நீளம். ஷட்டரை மூட முடியாது, பின்னால் வரிசையில் நிற்கிற இரண்டு கார் கிளம்பிப் போய்விடும். "வண்டி பெரிசு" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. முழுக் கணக்கைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இந்த வரம்பைக் கனரகத்துக்கு மட்டும் கொஞ்சம் உயர்த்தியிருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது என்பது என் எண்ணம்.

இதற்கு மேல் 2025 ஜனவரி 1 முதல் இன்னொரு அடி. 2023-இல் போட்ட சட்டப்படி வணிகம் சாராத வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சோதனையையே எடுத்துவிட்டார்கள். பிரேக், விளக்கு, டயர் பார்க்கிற அந்த 7 டாலர் சோதனைதான் பல சின்னக் கடைகளுக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்தது. இப்போது அதற்குப் பதில் பதிவோடு 7.50 டாலர் அரசுக்குப் போகிறது, வண்டி கடைக்கு வருவதில்லை. புகைச் சோதனை மட்டும் 2025-இல் 17 கவுண்டிகளில் தொடர்ந்தது. உங்கள் காலின் கவுண்டி அதில் ஒன்று. 254 கவுண்டியில் 17. நீங்கள் கொஞ்சம் வடக்கே தள்ளி கிரேசன் கவுண்டியில் வீடு பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

"மெஷின் எடுக்கவில்லை" என்பதையும் சொல்லிவிடுகிறேன். வண்டி விவரத்தைக் கருவியில் போடும்போது எடை வகையும் சேர்ந்து போகும். 8,500-க்கு மேல், 2005, பெட்ரோல் என்று விழுந்ததும் கருவி போர்ட்டைக் கேட்காது, புகைக்குழாயைக் கேட்கும். ஓ.பி.டி. மட்டும் செய்கிற கருவியில் புகைக்குழாய்க்கு வழியே இல்லை. அங்கேயே நின்றுவிடும்.

பக்கத்து வீட்டு டீசலுக்குச் சோதனை இல்லை என்பதும் உண்மைதான். டெக்சஸ் திட்டம் பெட்ரோல் வண்டிக்கு மட்டும். ஒன்பது வருஷம் வேலை பார்த்தும் இதற்கு மட்டும் எனக்கு மனசு ஒப்பவில்லை. கறுப்புப் புகையைத் தள்ளிக்கொண்டு ஒரு டீசல் சிக்னலில் கிளம்பிப் போகும், அதற்குப் பின்னால் பெட்ரோல் பிக்கப்காரர் ஸ்டேஷன் தேடிக்கொண்டு நிற்பார்.

ஜார்ஜியா ஏன் கேட்கவில்லை என்றால், அட்லாண்டாவைச் சுற்றிய 13 கவுண்டிகளில் சோதனை உண்டு, ஆனால் 8,500 வரைதான். கோட்டுக்கு மேலே போனால் விட்டுவிடுவார்கள். பென்சில்வேனியாவில் கோடு 9,000-இல். இல்லினாயும் விஸ்கான்சினும் கனரகத்தில் 2007-உம் அதற்குப் பிந்திய மாடலும் மட்டும், அதுவும் 14,000 வரை என்று வைத்திருக்கின்றன. அதாவது ஒயர் செருக முடிந்தால் சோதனை, முடியாவிட்டால் போகலாம். எனக்கு இதுதான் நேர்மையான வழியாகப் படுகிறது. மேரிலாந்து நேர் எதிர், 26,000 பவுண்டு வரை கூப்பிடும். ஆனால் அங்கே சோதனையை மாநிலமே பெரிய மையங்களில் நடத்துகிறது, "நாங்கள் செய்வதில்லை" என்று சொல்லி அனுப்ப அங்கே ஆள் கிடையாது. கலிஃபோர்னியாவில் 2000-க்குப் பிந்திய பெட்ரோல் வண்டி 14,000 பவுண்டு வரை புதுக் கருவியில் போய்விடும். அதைத் தாண்டினால் பழைய பி.ஏ.ஆர்.-97 கருவி வேண்டும். மோட்டார் ஹோம் வைத்திருக்கிறவர்கள் அந்தக் கருவி இருக்கிற கடையைத் தேடி நாற்பது ஐம்பது மைல் ஓட்டுகிற கதை அங்கேயும் உண்டு.

டெக்சஸும் ஒரு காலத்தில் பெரிய மையங்கள் கட்டத்தான் போனது. தனியார் நிறுவனம் ஒன்றுக்கு ஒப்பந்தம் கொடுத்து, இடம் வாங்கி, கட்டடமும் எழும்பி, 1995 தொடக்கத்தில் திறந்த கையோடு சட்டமன்றம் நிறுத்திவிட்டது. ஜனங்களுக்கு ஆத்திரம். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தத் தெருமுனைப் பட்டறை முறை. நம் வீட்டுப் பக்கத்திலேயே வேலை முடிகிறது, நல்லதுதான். ஆனால் பட்டறைக்கு லாபம் இல்லாத வண்டிக்கு ஊரில் நாதி இல்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

குடி மாறி வந்த நாளில் இருந்து பதிவுக்கு 30 நாள் இருக்கிறது. அதனால் நேரில் அலைவதை நிறுத்துங்கள், போனை எடுங்கள். எல்லாரும் செய்கிற தப்பு, "ஸ்டேட் இன்ஸ்பெக்ஷன் பண்ணுவீங்களா?" என்று கேட்பது. பண்ணுவோம், வாங்க என்பார்கள். போனால் கைவிரிப்பார்கள். கேட்க வேண்டியது இப்படி: "2005 மாடல், கேஸ் இன்ஜின், ஜி.வி.டபிள்யூ.ஆர். 9,200. ஹெவி டியூட்டி டி.எஸ்.ஐ. டெயில் பைப் டெஸ்ட் பண்ணுகிற மெஷின் இருக்கிறதா, இன்றைக்கு அது வேலை செய்கிறதா?" கடைசித் துண்டை விட்டுவிடாதீர்கள். இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அளவு சரிபார்ப்பில் தோற்றுப் பூட்டிக்கிடக்கிற கருவியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர் இன்றைக்கு வந்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். கனரகம் தெரிந்த ஆள் ஒருத்தர்தான் இருப்பார், அவர் வியாழக்கிழமை லீவு என்றால் உங்களுக்கும் லீவு.

யாரைக் கூப்பிடுவது? ஊர் ஊராகக் கிளை வைத்து ஆயில் மாற்றுகிற கடைகளை விட்டுவிடுங்கள். வணிக வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சோதனை இன்னும் உண்டு, அதனால் அதைச் செய்கிற லாரிப் பட்டறைகள் இருக்கின்றன. பெரிய ஷட்டர், உயரமான கூரை. பெட்டி வேன், சின்னப் பள்ளிப் பேருந்து, மோட்டார் ஹோம் என்று உங்கள் எடை வகையில் பெட்ரோலில் ஓடுகிறவை எல்லாம் அங்கேதான் வரும். கருவியை விடாமல் வைத்திருப்பவர்கள் அநேகமாக அவர்கள்தான். ஃபிரிஸ்கோ, பிளேனோவில் தேடுவதைவிட கார்லண்ட், டல்லாஸின் தொழிற்பேட்டைப் பக்கம் தேடுங்கள். எங்கும் கிடைக்காவிட்டால் டெக்சஸ் பொதுப் பாதுகாப்புத் துறையின் வாகனச் சோதனைப் பிரிவுக்கு வட்டார அலுவலகம் உண்டு. எந்த ஸ்டேஷனில் எந்தக் கருவி இருக்கிறது, எது கடைசியாக எப்போது கனரகம் செய்தது என்பதெல்லாம் அவர்கள் கணினியில் பதிவாகிறது. "எந்த ஸ்டேஷனுக்கு அனுப்புகிறீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். திருப்பி அனுப்பிய கடைகளின் பெயர், நாள், சொன்ன காரணம் இவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி நடக்கும்.

விலக்கு வாங்கலாமா என்று சிலர் சொல்வார்கள். அந்த விலக்குகள் சோதனையில் தோற்ற வண்டிக்கு, சோதனையே கிடைக்காத வண்டிக்கு இல்லை. ஆண்டுக்கு 5,000 மைலுக்குக் கீழே ஓடுகிற வண்டிக்கு ஒன்று உண்டு. அதற்கும் முதலில் தோற்றிருக்க வேண்டும், 100 டாலராவது பழுதுக்குச் செலவழித்திருக்க வேண்டும்.

இடம் கிடைத்த பிறகு தோற்றுத் தொலைக்காமல் இருக்க வேண்டுமே. உங்கள் இன்ஜினைப் பற்றி ஒன்று சொல்கிறேன். ஒரு ஜூன் மாதம், இதே 6.0 இன்ஜின் வைத்த 2004 வண்டி ஒன்று வந்தது. வேலி போடுகிற கான்டிராக்டர், நாலு இடத்தில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஷட்டர் திறந்தபடியே, வண்டியின் பாதி வெயிலில் நிற்கிறது. கம்பியைச் செருகி 2,500-இல் பிடித்தேன். அரை நிமிஷத்தில் கருவி நின்றது, வாயுவில் காற்று கலந்திருக்கிறது என்று. குழாயில் வரும் கார்பன் டை ஆக்சைடும் மோனாக்சைடும் கூட்டினால் ஒரு குறைந்தபட்ச அளவு வர வேண்டும். வராவிட்டால் எங்கோ வெளிக்காற்று சேர்கிறது என்று அர்த்தம், அளவு செல்லாது. கம்பியை மாற்றிச் செருகினேன், திரும்பவும் அதே. இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, காலையில் போல மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பக்கத்தில் காதை வைத்தால், டிக் டிக் டிக் டிக். இன்ஜினில் இருந்து புகையை வெளியே கொண்டுபோகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கடைசி போல்ட், கேபினை ஒட்டினாற்போல் இருப்பது, தலை ஒடிந்து போயிருந்தது. சூடானால் இரும்பு விரிந்து சத்தம் அடங்கிவிடும், அதனால் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. அந்த இடுக்கில் காற்று உள்ளே போனால் ஆக்சிஜன் சென்சார் ஏமாந்து பெட்ரோல் குறைச்சல் என்று நினைக்கும், கணினி இன்னும் ஊற்றும். மோனாக்சைடு ஏறும். இந்த இன்ஜினில் பின்பக்க போல்ட் ஒடிவது ரொம்பச் சாதாரணம். நாளைக் காலை முதல் ஸ்டார்ட்டில் பானட்டைத் திறந்து வைத்து ஒரு நிமிஷம் கேளுங்கள். டிக் டிக் கேட்டால் போல்ட்டைப் பார்த்துவிட்டுப் பிறகு சோதனைக்குப் போங்கள். கான்டிராக்டர் வண்டி போல்ட் போட்டு வந்த மறுநாள் ஒரே தடவையில் தேறியது.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு நேராகப் போங்கள், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கொதிக்கக் கொதிக்க இருந்தால்தான் வேலை செய்யும். வரிசையில் நிற்கும்போது அணைக்காதீர்கள். என்ஜின் ஆயில் மாற்றி நாளானால் மாற்றிவிடுங்கள், பழைய ஆயிலில் கரைந்த பெட்ரோல் ஆவியாக இன்ஜினுக்குள்ளேயே திரும்ப வரும். டெம்பரேச்சர் முள் பாதிக்கு ஏறாமல் கீழேயே நின்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கிறது, இன்ஜின் எப்போதும் குளிர்ச்சி என்று நினைத்துப் பெட்ரோலை அதிகம் குடிக்கும். மலிவான சாமான்தான். பெட்ரோல் மூடியின் ரப்பர் வளையம் விரிசல் விட்டிருந்தால் மூடியை மாற்றுங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிகிறது என்று முந்தின நாள் பேட்டரியைக் கழற்றி மாட்டுகிற வித்தையை விட்டுவிடுங்கள். ஓ.பி.டி. சோதனைக்குப் போகிற வண்டியில் அப்படிச் செய்தால் எல்லா மானிட்டரும் வெறுமையாகிவிடும், 2001-க்குப் பிந்திய மாடலில் ஒன்றுக்கு மேல் முடியாமல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குழாய்ச் சோதனையிலும் அதனால் லாபம் இல்லை. கணினி கற்றுவைத்திருந்த எரிபொருள் அளவெல்லாம் அழிந்து, இன்ஜின் தடுமாறும்.

ஒருத்தர் வருவார், "எடையை 8,500 என்று போட்டு ஒயரைச் செருகி முடித்துத் தருகிறேன், அறுபது டாலர் கொடு" என்று. இன்னொருத்தர் உங்கள் நம்பரைப் போட்டு வேறு வண்டியைச் சோதித்துச் சீட்டு தருவார். இரண்டும் அரசு ஆவணத்தில் பொய்ப் பதிவு, குற்ற வழக்கு. எச்1பி, கிரீன் கார்டு வரிசை என்று நிற்கிற நம் ஆட்களுக்கு அறுபது டாலருக்கு இந்த வம்பு வேண்டாம். சோதனை இல்லாத கவுண்டியில் இருக்கிற நண்பர் வீட்டு முகவரியைக் கொடுப்பதும் அதே ரகம்தான்.

இந்த வருஷம் ஒரு நல்ல ஸ்டேஷன் கிடைத்துவிட்டால் அவர் நம்பரைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். அடுத்த வருஷப் புதுப்பிப்பு 90 நாள் முன்பே செய்யலாம், சோதனையையும் அந்த 90 நாளுக்குள் முடித்துக்கொள்ளலாம். மாதக் கடைசி வரை வைத்திருக்காதீர்கள், அந்த வாரம் கருவி பூட்டிக்கிடந்தால் மறுபடி இதே அலைச்சல். உங்கள் 2005 வண்டி 24 வயதைத் தாண்டும்வரை, அதாவது 2029 முடியும்வரை, இந்த வேலை இருக்கும்.

போகும்போது பின்னால் டிரெய்லர் ஹிட்ச் பந்து மாட்டியிருந்தால் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். குழாயைச் செருகக் குனிகிற இன்ஸ்பெக்டரின் முழங்கால் நேராக அதில்தான் போய் இடிக்கும். என் இடது காலில் இன்னும் தழும்பு இருக்கிறது.